எக்ஸ்எம்எல் வினவல் முடிவுகளில் ஓர் உறுப்பு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்டறிவது எப்படி?

கேள்வி – நூலடுக்கு

வணக்கம். நூற்பட்டியல் ஒன்றை எக்ஸ்எம்எல் (தரவை ஒன்றுக்குள் ஒன்றான உறுப்புகளாக எழுதும் வடிவம்) ஆவணமாக வைத்திருக்கிறேன். அதில் தேடிக் கிடைக்கும் ஒவ்வொரு நூலும் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதையும் முடிவோடு சேர்த்துக் காட்ட வேண்டும். உலாவியில் இயங்கும் பக்கத்தில், உறுப்புகளைப் பாதையால் சுட்டும் மொழியான எக்ஸ்பாத்தையும், வழங்கியில் உள்ள எக்ஸ்எம்எல் தரவுத்தளத்தில், வினவல் மொழியான எக்ஸ்குவெரியையும் பயன்படுத்துகிறேன். உறுப்புகளுக்கும் பண்புகளுக்கும் தமிழிலேயே பெயரிட்டிருக்கிறேன். எக்ஸ்எம்எல் அதைத் தடையின்றி ஏற்கிறது. வினவல்களில் வரும் விசைச்சொற்களையும் சார்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். இயக்கும்போது அவற்றை மூல ஆங்கில வடிவில் இட வேண்டும். ஆவணத்தின் சுருக்க வடிவம் இது:

```
<நூலகம்>
  <அலமாரி குறி="அ">
    <நூல் மொழி="தமிழ்"><தலைப்பு>வானியல்</தலைப்பு></நூல்>
    <நூல் மொழி="ஆங்கிலம்"><தலைப்பு>எண்கணிதம்</தலைப்பு></நூல்>
    <நூல் மொழி="தமிழ்"><தலைப்பு>இலக்கணம்</தலைப்பு></நூல்>
  </அலமாரி>
  <அலமாரி குறி="ஆ">
    <நூல் மொழி="தமிழ்"><தலைப்பு>தாவரவியல்</தலைப்பு></நூல்>
    <நூல் மொழி="தமிழ்"><தலைப்பு>வானியல்</தலைப்பு></நூல்>
  </அலமாரி>
</நூலகம்>
```

மொத்தம் 5 நூல்கள் இருக்கின்றன. நான்காவதாக உள்ள தாவரவியலைப் பெறுவதற்கு `//நூல்[4]` என்று கேட்டால் எதுவும் வருவதில்லை. பிழைச் செய்தியும் இல்லை, வெறும் வெற்று விடைதான். `//நூல்[1]` என்று கேட்டாலோ ஒரு நூலுக்குப் பதிலாக இரண்டு நூல்கள் வருகின்றன.

எக்ஸ்குவெரியில் தமிழ் நூல்களை மட்டும் எடுத்து, தலைப்பின்படி வரிசைப்படுத்தி, எண்ணிட முயன்றேன்:

```
ஃபார் $நூ அட் $எண் இன் //நூல்
வேர் $நூ/@மொழி = "தமிழ்"
ஆர்டர் பை $நூ/தலைப்பு
ரிட்டர்ன் ($எண், $நூ/தலைப்பு)
```

விடையில் தலைப்புகள் சரியான அகரவரிசையில் வந்தன. ஆனால் அவற்றின் எண்கள் 3, 4, 1, 5 என்று இருந்தன. 1, 2, 3, 4 என்று வர வேண்டும் என்பதே என் தேவை.

எனக்கு உண்மையில் மூன்று எண்கள் வேண்டும்: அந்த நூல் தன் அலமாரியில் எத்தனையாவது, பட்டியல் முழுவதிலும் எத்தனையாவது, தேடல் முடிவில் எத்தனையாவது. இம்மூன்றையும் தனித்தனியாகப் பெறும் வழியை விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி – கிளைவழி

வணக்கம். கேள்வியின் கடைசிப் பத்தியிலேயே விடையின் பாதி இருக்கிறது. ஓர் உறுப்பின் இடம் என்பது, அதன் பெயரைப் போலவோ பண்பைப் போலவோ, அந்த உறுப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் செய்தி அன்று. எந்த வரிசைக்குள் வைத்துக் கேட்கிறோமோ அந்த வரிசையைச் சார்ந்ததே இடம். தாவரவியல் நூல் தன் அலமாரியில் முதலாவது, பட்டியலில் நான்காவது, தமிழ் நூல்களுக்குள் மூன்றாவது, தலைப்பின்படி அடுக்கினால் இரண்டாவது. நான்கும் சரியான விடைகளே. ஆகவே எழுதும் ஒவ்வொரு வினவலிலும் «எந்த வரிசையில்?» என்ற கேள்விக்கு அந்த வினவல் என்ன பொருள் கொள்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

`//நூல்[4]` ஏன் வெறுமையாக வருகிறது என்பதை இதைக் கொண்டே விளக்கலாம். இரட்டைச் சாய்கோடு ஒரு சுருக்கக் குறி. அதை விரித்தால் வினவல் இவ்வாறு ஆகும்:

```
/டிசென்டன்ட்-ஆர்-செல்ஃப்::நோட்()/சைல்டு::நூல்[4]
```

அதாவது, ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு கணுவுக்கும் (உறுப்பு, உரை போன்ற ஒவ்வோர் அங்கமும் ஒரு கணு) சென்று, அதன் நேரடிப் பிள்ளைகளான நூல்களுள் நான்காவதை எடு என்பது இதன் பொருள். சதுர அடைப்புக்குள் இருக்கும் நிபந்தனை கடைசிப் படியோடு மட்டுமே பிணைந்திருக்கிறது. வினவலின் மொத்த விடையோடு பிணையவில்லை. உங்கள் ஆவணத்தில் எந்த அலமாரியிலும் நான்கு நூல்கள் இல்லை. ஆகவே வெற்று விடை. `//நூல்[1]` இரண்டு நூல்களைத் தருவதற்கும் இதுவே காரணம்: ஒவ்வோர் அலமாரியும் தன் முதல் நூலைத் தருகிறது. முழுப் பட்டியலிலும் நான்காவதைப் பெற வேண்டுமானால், முதலில் அனைத்தையும் திரட்டி, பிறகு எண்ண வேண்டும். வளைவு அடைப்பு அதைச் செய்கிறது:

```
(//நூல்)[4]
```

இதன் விடை தாவரவியல். 1999 நவம்பரில் வெளியான எக்ஸ்பாத் 1.0 முதல் இன்றுவரை இந்த விதி மாறவில்லை. இதைத் தவறான வடிவமைப்பு என்று சிலர் சொல்வதுண்டு; நான் அப்படிக் கருதவில்லை. `அலமாரி/நூல்[1]` என்பது ஒவ்வோர் அலமாரியின் முதல் நூல் என்று பொருள்படுவது மிகவும் பயனுள்ளது. அதே விதி இரட்டைச் சாய்கோட்டுக்கும் பொருந்துவது முரண் அன்று.

நிபந்தனைகள் அடுத்தடுத்து வரும்போது ஒவ்வொன்றின் பின்னும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்குகிறது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். உங்கள் ஆவணத்திலேயே சோதித்துப் பார்க்கலாம்:

```
//நூல்[@மொழி="தமிழ்"][2]
//நூல்[2][@மொழி="தமிழ்"]
```

முதல் வினவல் ஒவ்வோர் அலமாரியிலும் தமிழ் நூல்களை மட்டும் பிரித்து, அவற்றுள் இரண்டாவதை எடுக்கிறது. எனவே அ அலமாரியிலிருந்து இலக்கணமும், ஆ அலமாரியிலிருந்து வானியலும் வரும். இரண்டாம் வினவல் ஒவ்வோர் அலமாரியின் இரண்டாவது நூலை எடுத்துவிட்டு, அது தமிழா என்று பார்க்கிறது. அ அலமாரியின் இரண்டாவது நூல் ஆங்கிலமாக இருப்பதால் அது விலக்கப்பட்டு, ஆ அலமாரியின் வானியல் மட்டும் எஞ்சும். எழுத்துகள் ஒன்றே, வரிசை மட்டும் மாறியிருக்கிறது, விடை வேறாகிவிடுகிறது.

இதுவரை சொன்னது, எண் தெரிந்திருக்கும்போது உறுப்பை எடுப்பது. உங்களுக்கு வேண்டியது அதன் மறுதலை: உறுப்பு கையில் இருக்கிறது, எண் வேண்டும். உலாவிகளில் உள்ளமைந்த எக்ஸ்பாத் 1.0 பதிப்பே கிடைக்கும். அதில் ஓர் உறுப்பைக் கொடுத்து அதன் இடத்தைக் கேட்க நேரடியான சார்பு கிடையாது. பொசிஷன்() என்னும் சார்பு, அந்த நேரத்தில் மதிப்பிடப்படும் வரிசையில் நடப்புக் கணுவின் இடத்தைத்தான் சொல்லும். நிபந்தனைக்கு வெளியே அதனால் இங்கே பயன் குறைவு. ஆகவே முன்னால் இருப்பவற்றை எண்ணி ஒன்று கூட்டுவதே வழி. நூல் ஒன்றை நடப்புக் கணுவாக வைத்துக்கொண்டு,

```
கவுண்ட்(ப்ரிசீடிங்-சிப்ளிங்::நூல்) + 1
```

என்று கேட்டால் அலமாரிக்குள் அதன் இடம் கிடைக்கும். பட்டியல் முழுவதிலும் அதன் இடம் வேண்டுமானால்,

```
கவுண்ட்(ப்ரிசீடிங்::நூல்) + 1
```

என்று கேட்க வேண்டும். தாவரவியலுக்கு முதல் வினவல் 1 என்றும் இரண்டாவது 4 என்றும் விடை தரும். ஒரு நுட்பம் உண்டு: ப்ரிசீடிங் அச்சில் (அச்சு என்பது நடப்புக் கணுவிலிருந்து தேடும் திசை) முன்னோர் கணுக்கள், அதாவது அதைத் தமக்குள் கொண்டிருக்கும் கணுக்கள், சேர்வதில்லை. உங்கள் ஆவணத்தில் நூலுக்குள் நூல் இல்லாததால் இப்போது சிக்கல் இல்லை. நாளை பல பாகங்கள் கொண்ட ஒரு நூலுக்குள் ஒவ்வொரு பாகத்தையும் நூல் என்ற உறுப்பாகவே இட்டால், உள்ளே இருக்கும் பாகத்துக்கு எண் ஒன்று குறைந்துவிடும். அப்போது ஆன்செஸ்டர்::நூல் என்பதன் எண்ணிக்கையையும் சேர்த்துக் கூட்ட வேண்டும்.

பின்னோக்கிச் செல்லும் அச்சுகளில் எண்ணிக்கையும் பின்னோக்கியே செல்லும். `ப்ரிசீடிங்-சிப்ளிங்::நூல்[1]` என்பது அலமாரியின் முதல் நூல் அன்று. நடப்பு நூலுக்கு உடனடியாக முன்னால் இருக்கும் நூல். அதையே `(ப்ரிசீடிங்-சிப்ளிங்::நூல்)[1]` என்று வளைவு அடைப்பில் இட்டால், திரட்டப்பட்ட கணுக்கள் ஆவண வரிசைக்குத் திரும்பிவிடுவதால், அலமாரியின் முதல் நூல் கிடைக்கும்.

உலாவியில் எக்ஸ்பாத் வினவலை இயக்கும் எவால்யுவேட் அழைப்பின் முடிவு வகையையும் சரிபாருங்கள். விடைக் கணுக்களை மாறாத பட்டியலாகப் பிடித்துவைக்கும், அதாவது நிலைப்படம் எடுக்கும், வகைகள் இரண்டு உண்டு. எண் 6 கொண்ட வகை கணுக்களை எந்த வரிசையிலும் தரலாம். எண் 7 கொண்ட வகை மட்டுமே ஆவண வரிசைக்கு உறுதி தருகிறது. இடத்தைக் கணக்கிடும் எவரும் 7 ஐத்தான் பயன்படுத்த வேண்டும். எக்ஸ்பாத்தில் எண்ணிக்கை 1 இல் தொடங்குகிறது, நிலைப்படத்திலிருந்து உருப்படிகளை எடுக்கும் ஸ்னாப்ஷாட்ஐட்டம் அழைப்பில் 0 இல் தொடங்குகிறது என்பதையும் சேர்த்து நினைவில் கொண்டால் உலாவிப் பகுதி நிறைவுறும்.

மறுமொழி – சாய்கோடு

கிளைவழி அவர்கள் எக்ஸ்பாத்தை முழுமையாக விளக்கிவிட்டார்கள். எக்ஸ்குவெரியில் 3, 4, 1, 5 என்று எண்கள் வந்ததன் காரணத்தை நான் சொல்கிறேன். அந்த எண்கள் பிழையானவை அல்ல என்பதே முதலில் அறிய வேண்டியது. «அட் $எண்» என்பது, «இன்» என்பதற்குப் பின் வரும் கோவையில் ஒவ்வொரு நூலும் இருக்கும் இடத்தைப் பதிவு செய்கிறது. இங்கே அந்தக் கோவை `//நூல்`, அதாவது ஐந்து நூல்களும். வடிகட்டுவதும் வரிசைப்படுத்துவதும் அதற்குப் பிறகே நிகழ்கின்றன. அவை ஏற்கெனவே ஒட்டப்பட்ட எண்ணை மாற்றுவதில்லை. இலக்கணம் பட்டியலில் 3, தாவரவியல் 4, முதல் வானியல் 1, இரண்டாம் வானியல் 5. நீங்கள் கேட்ட மூன்று எண்களுள் இரண்டாவதை, பட்டியல் முழுவதிலும் உள்ள இடத்தை, அந்த வினவல் ஏற்கெனவே சரியாகத் தந்துகொண்டிருக்கிறது.

தேடல் முடிவில் உள்ள இடத்தைப் பெற, உங்கள் தரவுத்தளம் 2014 இல் வெளியான எக்ஸ்குவெரி 3.0 ஐயோ அதற்குப் பிந்தைய பதிப்பையோ ஏற்குமானால், கவுண்ட் என்னும் கூறு இருக்கிறது. இது எண்ணிக்கைச் சார்பான கவுண்ட்() அன்று; ஃபார், வேர் ஆகியவற்றைப் போலத் தனிக் கூறாக வருவது. எந்த இடத்தில் எழுதப்படுகிறதோ, அந்தக் கட்டம் வரை வந்து சேர்ந்த வரிசைக்கு அது எண்ணிடும்:

```
ஃபார் $நூ அட் $பட்டியலெண் இன் //நூல்
வேர் $நூ/@மொழி = "தமிழ்"
ஸ்டேபிள் ஆர்டர் பை $நூ/தலைப்பு
கவுண்ட் $முடிவெண்
ரிட்டர்ன் ($முடிவெண், $பட்டியலெண், $நூ/தலைப்பு)
```

முடிவெண் 1, 2, 3, 4 என்று வரும். பட்டியலெண் முன்போலவே 3, 4, 1, 5 என்று இருக்கும். கவுண்ட் வரியை ஒரு வரி மேலே நகர்த்தி, வடிகட்டலுக்குப் பின்னும் வரிசைப்படுத்தலுக்கு முன்னும் வைத்தால் விடை மூன்றாவது ஒன்றாகிவிடும்: 2, 3, 1, 4. தமிழ் நூல்களுக்குள் ஆவண வரிசைப்படி ஒவ்வொன்றும் இருக்கும் இடம் அது. ஒரே வினவலில் மூன்று இடங்களில் எண்ணிட்டு மூன்றையும் அருகருகே அச்சிட்டுப் பாருங்கள். இந்தக் கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக எப்படி வேலை செய்கின்றன என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் பயிற்சி வேறில்லை என்பது என் கருத்து.

2007 இல் வெளியான எக்ஸ்குவெரி 1.0 மட்டுமே கிடைக்கும் இடத்தில் கவுண்ட் கூறு இருக்காது. அங்கே வரிசைப்படுத்தும் வினவலை உள்ளே வைத்து, அதன் விடையின் மீது மறுபடியும் ஒரு ஃபார் ஓட்டி, அந்த வெளி ஃபாருக்கு «அட்» சேர்க்க வேண்டும். உள்வினவல் எண்களை அல்லாமல் நூல்களை மட்டும் திருப்பித் தர வேண்டும்.

ஸ்டேபிள் என்ற சொல்லை நான் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். உங்கள் பட்டியலில் வானியல் என்ற தலைப்பு இரு முறை வருகிறது. வரிசைப்படுத்தும் திறவு சமமாக இருக்கும்போது எது முன்னால் வரும் என்பதை எக்ஸ்குவெரியின் தர வரையறை, வினவலை இயக்கும் செயலியின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறது. ஸ்டேபிள் இருந்தால்தான் சமமானவை பழைய வரிசையிலேயே நிற்கும். தலைப்புகளை மட்டும் காட்டும் பக்கத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. அருகில் எண்ணும் காட்டும்போது, ஒரே நூலுக்கு ஒரு முறை 3 என்றும் மறுமுறை 4 என்றும் வர வாய்ப்பு உண்டு.

அலமாரிக்குள் உள்ள இடத்துக்கு, ஒவ்வொரு நூலுக்கும் முன்னிருப்பவற்றை எண்ணுவதைவிட, ஃபார் ஒன்றுக்குள் மற்றொன்றை இடுவது மேல்:

```
ஃபார் $அல இன் //அலமாரி
ஃபார் $நூ அட் $இடம் இன் $அல/நூல்
வேர் $நூ/@மொழி = "தமிழ்"
ரிட்டர்ன் ($அல/@குறி/டேட்டா(), $இடம், $நூ/தலைப்பு)
```

விடைகளின் இடங்கள் 1, 3, 1, 2 என்று வரும். வேகத்துக்காகவும் இதையே பரிந்துரைக்கிறேன். ஒரே தாய் உறுப்பின் கீழ் 10,000 நூல்கள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் முன் உடன்பிறப்புகளை எண்ணினால், செயலி அதைத் தானே சீர்படுத்தாத நிலையில், மொத்தம் 4,99,95,000 கணுக்களைத் தொட வேண்டியிருக்கும். மேலே உள்ள வடிவில் ஒவ்வொரு நூலையும் ஒரு முறை தொட்டால் போதும். சிறிய ஆவணத்தில் சோதிக்கும்போது இந்த வேறுபாடு தெரியாது. தரவு பெருகியபின் வினவல் திடீரென மந்தமாகிவிட்டது என்று தோன்றும்.

இன்டெக்ஸ்-ஆஃப்() என்ற சார்பைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. பெயரைப் பார்த்தால் இதுவே வேண்டிய கருவி என்று தோன்றும். ஆனால் அது கணுக்களை ஒப்பிடுவதில்லை. அவற்றின் மதிப்புகளை ஒப்பிடுகிறது. `இன்டெக்ஸ்-ஆஃப்(//நூல்/தலைப்பு, "வானியல்")` என்று கேட்டால் 1, 5 என்று இரண்டு எண்கள் வரும். மதிப்பைத் தேடும்போது அது சரியான விடையே. கையில் உள்ள இந்தக் குறிப்பிட்ட கணு எங்கே என்று கேட்கும்போது, கணுவின் அடையாளத்தை ஒப்பிடும் «இஸ்» என்ற குறியைப் பயன்படுத்த வேண்டும்:

```
ஃபார் $க அட் $இ இன் $வரிசை
வேர் $க இஸ் $தேடும்கணு
ரிட்டர்ன் $இ
```

நூலடுக்கு

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கவுண்ட் கூறு என் தரவுத்தளத்தில் வேலை செய்கிறது. மூன்று எண்களையும் ஒரே வினவலில் பெற்றுவிட்டேன். தொடர்புடைய கேள்விகள் இரண்டு உள்ளன. இதே பட்டியலை, எக்ஸ்எம்எல் ஆவணத்தை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி வழியாக அச்சுப் பக்கமாக மாற்றும்போது, நூலுக்கான வார்ப்புருவில் பொசிஷன்() சார்பை அழைத்தால், அ அலமாரியில் 2, 4, 6 என்று எண்கள் வருகின்றன. வரிசைப்படுத்தல் எதுவும் அங்கே இல்லை. மேலும், பட்டியலின் ஒரு படி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் எக்ஸ்எம்எல் வகை நெடுவரிசையில் இருக்கிறது. அங்கே எக்ஸ்குவெரி கிடையாது. அங்கு இடத்தை எப்படிப் பெறுவது?

மறுமொழி – கிளைவழி

2, 4, 6 என்ற எண்களைக் கண்டவுடனே இடைவெளி உரைக்கணுக்களை நினைக்கலாம். அலமாரி வார்ப்புருவில் அப்ளை-டெம்ப்ளேட்ஸ் கட்டளையைச் செலக்ட் பண்பு இல்லாமல் எழுதியிருப்பீர்கள். அப்போது நூல்கள் மட்டும் அல்லாமல் அலமாரியின் எல்லாப் பிள்ளைக் கணுக்களும் செயலாக்கத்துக்குச் செல்கின்றன. ஆவணத்தை அழகாகப் பார்ப்பதற்காக நூல்களுக்கிடையே இட்டிருக்கும் வரிமுறிவும் உள்தள்ளலும் கூட உரைக்கணுக்களே. அ அலமாரியில் மூன்று நூல்களும் அவற்றைச் சூழ நான்கு வெற்று உரைக்கணுக்களுமாக மொத்தம் ஏழு கணுக்கள். நூல்கள் இரண்டாம், நான்காம், ஆறாம் இடங்களில் நிற்கின்றன. லாஸ்ட்() சார்பைக் கேட்டுப் பாருங்கள், 7 என்று வரும். செலக்ட் பண்பில் நூல் என்று குறிப்பிட்டால் 1, 2, 3 ஆகிவிடும். ஸ்ட்ரிப்-ஸ்பேஸ் கட்டளையால் வெற்று உரைக்கணுக்களை முன்னதாகவே நீக்குவது மற்றொரு வழி. ஆனால் இடையில் ஒரு குறிப்புரைக் கணு இருந்தால் அதுவும் இடம் பிடிக்கும் என்பதால் முதல் வழியே உறுதியானது.

எக்ஸ்எஸ்எல்டியில் வரிசைப்படுத்திய பின் பொசிஷன்() அழைத்தால் அது வரிசைப்படுத்திய இடத்தைச் சொல்லும். எக்ஸ்குவெரியின் «அட்» மாறியைப் போலப் பழைய இடத்தைச் சொல்லாது. மூல ஆவணத்தில் உள்ள இடம் அப்போது வேண்டுமானால் நம்பர் கட்டளை இருக்கிறது. அது செலக்ட், வேல்யூ ஆகிய பண்புகள் இல்லாமல் எழுதப்படும்போது நடப்புக் கணுவை மூல மரத்தில் வைத்தே எண்ணுகிறது. இந்த இரண்டையும் ஒன்றுக்கு மற்றொன்றாகப் பயன்படுத்துவதால்தான் அச்சுப் பக்கங்களில் பெரும்பாலான எண் குழப்பங்கள் எழுகின்றன.

மறுமொழி – அட்டவணை

போஸ்ட்கிரெஸ் பற்றிய கேள்விக்கு நான் விடை தருகிறேன். 2017 இல் வெளியான 10 ஆம் பதிப்பு முதல், எக்ஸ்எம்எல் உறுப்புகளை அட்டவணை நிரைகளாக மாற்றும் எக்ஸ்எம்எல்டேபிள் என்னும் வசதி உள்ளது. அதில் நெடுவரிசைகளை வரையறுக்கும்போது ஒன்றை மட்டும் «ஃபார் ஆர்டினாலிட்டி» என்று அறிவித்தால், நிரைகளைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பாத் கோவை தரும் ஒவ்வோர் உறுப்புக்கும் 1 முதல் எண் இடப்படும். ஆரக்கிள், டிபி2 ஆகியவற்றின் எக்ஸ்எம்எல்டேபிளிலும் இதே அறிவிப்பு உண்டு.

இங்கேயும் எந்த வரிசையில் என்ற கேள்வி தப்பவிடாது. அந்தக் கோவையில் `//நூல்` என்று எழுதினால் 1 முதல் 5 வரை பட்டியல் இடம் கிடைக்கும்; `//நூல்[@மொழி="தமிழ்"]` என்று எழுதினால் தமிழ் நூல்களுக்குள் உள்ள இடம் மட்டுமே கிடைக்கும். மொழி வடிகட்டலை வினவலின் வெளிப்பகுதியில் செய்தால் பழைய எண் காப்பாற்றப்படும். அட்டவணையின் பல நிரைகளில் பல ஆவணங்கள் இருந்தால் ஒவ்வோர் ஆவணத்துக்கும் எண் மீண்டும் 1 இல் தொடங்கும். ஆகவே ஆவணத்தின் அடையாள எண்ணையும் சேர்த்தே வரிசைப்படுத்த வேண்டும். வெளி வினவலில் வரிசைப்படுத்தும் கூறு இல்லாவிட்டால் நிரைகள் எந்த ஒழுங்கில் வரும் என்பதற்கு எஸ்கியூஎல் உறுதி தருவதில்லை. எண் சரியாக இருந்தும் காட்சி குலைந்திருப்பதன் காரணம் இதுவாக இருக்கலாம். அலமாரிக்குள் உள்ள இடம் வேண்டுமானால், ஒரு நெடுவரிசையின் பாதையாக, கிளைவழி அவர்கள் தந்த முன் உடன்பிறப்புகளை எண்ணும் கோவையையே இடலாம். போஸ்ட்கிரெஸ் எக்ஸ்பாத் 1.0 ஐ ஏற்பதால் அது வேலை செய்யும்.

மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரைப் பயன்படுத்துவோருக்காக ஒன்று சேர்க்கிறேன். அங்கே எக்ஸ்குவெரியின் ஒரு பகுதி இருந்தாலும் «அட்» மாறி ஏற்கப்படுவதில்லை. பொசிஷன்() சார்பையும் நிபந்தனைக்குள் மட்டுமே எழுதலாம். ஆகவே ஆவண வரிசையை ஒப்பிடும் குறியைக் கொண்டு எண்ணுவது வழக்கம்:

```
ஃபார் $இ இன் . ரிட்டர்ன் கவுண்ட்(../*[. << $இ]) + 1
```

ஒரே தாயின் பிள்ளைகளுள் ஆவண வரிசையில் தனக்கு முன்னால் வருபவை எத்தனை என்று எண்ணி ஒன்று கூட்டுவதுதான் இது. உடுக்குறி எல்லா உறுப்புகளையும் எண்ணும் என்பதால், அலமாரிக்குள் நூல் அல்லாத உறுப்புகளும் இருந்தால் அதன் இடத்தில் நூல் என்று எழுத வேண்டும். பிள்ளைகள் மிகப் பலவாக இருக்கும் ஆவணங்களில், மேலே சொன்ன வேகக் குறைவு இதற்கும் பொருந்தும்.

மறுமொழி – சாய்கோடு

நூலடுக்கு அவர்களின் பட்டியல் தமிழில் இருப்பதால், தலைப்பின்படி எண்ணிடுவதில் இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஒப்பீட்டு ஒழுங்கு எதையும் குறிப்பிடாவிட்டால், பெரும்பாலான செயலிகளில் சரங்கள் யுனிகோடு குறியெண்ணின்படியே ஒப்பிடப்படுகின்றன. யுனிகோடில் தமிழ் எழுத்துகளின் அடுக்கு நம் நெடுங்கணக்கின் அடுக்கு அன்று. னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. றகரம் லகரத்துக்கு முன்னாலும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னாலும் இருக்கின்றன. புள்ளியின் குறியெண் உயிர்மெய்க் குறிகளுக்குப் பின்னால் இருப்பதால் மெய்யெழுத்து தன் உயிர்மெய்களுக்குப் பின்னால் தள்ளப்படுகிறது. நீங்கள் தந்த ஐந்து நூல்களில் இந்த வேறுபாடு வெளிப்படவில்லை. முழுப் பட்டியலில் கட்டாயம் வெளிப்படும். «மனம்» என்று தொடங்கும் தலைப்பு «மதி» என்பதற்குப் பின்னால் வருவது இரு முறைகளிலும் ஒன்றே. ஆனால் «மரம்» என்பதற்கு முன்னால் «மனம்» வந்து நிற்பதைக் காண்பீர்கள். தமிழ் அகராதியில் மரம் முன், மனம் பின்.

வரிசை தவறினால் முடிவெண்ணும் தவறும். எக்ஸ்குவெரி 3.1 பதிப்பை ஏற்கும் செயலியாக இருந்தால், ஆர்டர் பை கூறின் இறுதியில் கொலேஷன் என்று எழுதி, யுனிகோடு ஒப்பீட்டு நெறிக்கான முகவரியில் மொழியாகத் தமிழைக் குறிப்பிடலாம். செயலியோடு வரும் மொழித் தரவு தமிழ் ஒழுங்கைக் கொண்டிருக்கிறதா என்பதை மரம், மனம் ஆகிய இரண்டு சொற்களைக் கொண்டே சோதித்துவிடலாம்.

இறுதியாக, இந்த எண்களைக் காட்சிக்குப் பயன்படுத்துங்கள். நூலின் அடையாளமாக எங்கும் சேமித்து வைக்காதீர்கள். அ அலமாரியில் ஒரு நூலைப் புதிதாகச் செருகினால் அதற்குப் பின்னுள்ள எல்லா நூல்களின் பட்டியலெண்ணும் ஒன்று நகரும். சேமித்த எண் அப்போது வேறொரு நூலைக் காட்டும், பிழைச் செய்தியும் வராது. ஒவ்வொரு நூலுக்கும் எக்ஸ்எம்எல்:ஐடி பண்பில் ஒரு நிலையான குறியை இட்டுவிடுங்கள். பிழை தேடும்போது ஒரு கணு இப்போது எங்கே இருக்கிறது என்று அறிய மட்டும், எக்ஸ்பாத் 3.0 இல் வந்த பாத்() சார்பு மிகவும் உதவும்; தாவரவியல் நூலைக் கொடுத்தால், நூலகம் 1, அதற்குள் அலமாரி 2, அதற்குள் நூல் 1 என்று மூல உறுப்பிலிருந்து முழு வழியையும் இட எண்களோடு ஒரே சரமாகத் தரும்.

நூலடுக்கு

மரம், மனம் சோதனையைச் செய்து பார்த்தேன். ஒப்பீட்டு ஒழுங்கைக் குறிப்பிடாதபோது மனம் முன்னால் வந்தது. தமிழைக் குறிப்பிட்டபின் சரியாகிவிட்டது. அச்சுப் பக்கத்தில் செலக்ட் பண்பைச் சேர்த்ததும் 1, 2, 3 என்று எண்கள் வருகின்றன. நூல்களுக்கு நிலையான குறிகளை இடும் பணியைத் தொடங்கியிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.